ஒரு மொழிதானே

"இது சீப்பு" என்றாள் ரெங்கநாயகி டீச்சர். படம் மாறியது. இது குடை. மாறியது. இது… கோழி. கோழிக்கு முன்னால் அரை மூச்சு நேரம் நின்றுவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதைக் கவனித்துத் தாளில் சின்னதாக ஒரு கோடு இழுத்தாள். போயிற்று, கோழிக்கு முழு மார்க் இல்லை. இருபத்தாறு வருஷம் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தியவள், கோழிப் படத்தைப் பார்த்துக் கோழி என்று சொல்லத் திணறி ஒரு சின்னப் பெண்ணிடம் மார்க் இழக்கிறாள். பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குத் தெரிந்தால் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு வைத்துச் சிரிக்கும். இந்தப் பெண்ணின் பெயர் ஜெபக்கனி, நாசரேத்துக்காரி, இந்த மதுரை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். படித்தது பெரிய படிப்பு, குரல் மட்டும் பால்வாடி டீச்சர் குரல். நாளைக் காலை ஏழு மணிக்கு மண்டையோட்டில் ஒரு பக்கத்தைத் திறந்த பிறகு பாதியில் மயக்கத்தைத் தெளிய வைப்பார்களாம். வலிக்காதாம், மூளைக்கு வலி தெரியாதாம். அப்போது இதே ஜெபக்கனி இதே படங்களை முகத்துக்கு நேரே காட்டுவாள். டாக்டர் பின்னால் நின்றுகொண்டு மூளையில் இங்கும் அங்கும் மெல்லிய மின்சாரம் வைத்துத் தொடுவார். எங்கே தொட்டால் பெயர் வராமல் நிற்கிறதோ அங்கே நம்பர் போட்ட ஒரு பொடித் தாளை வைப்பார். அந்த இடத்தில் கத்தி போகாது. மற்ற இடத்தில் போகும். அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் 'இது' என்று ஆரம்பிக்க வேண்டும். 'இது' வந்து பெயர் வராவிட்டால் சொல் தொலைந்தது என்று அர்த்தம், 'இது'வே வராவிட்டால் வாய் நின்றது என்று அர்த்தம், இரண்டும் வேறு வேறு இடமாம். இவ்வளவையும் ஜெபக்கனி சிரித்த முகத்தோடுதான் விளக்கினாள்.

இது கத்தரிக்கோல். இது மணி. இது தேள். தேள் சட்டென்று வந்துவிட்டது, வந்த வேகத்தைப் பார்த்தால் அதையும் நம்ப முடியவில்லை. வராத சொல்லையாவது தேடலாம், தானாக வந்து விழுகிற தப்புச் சொல்லை என்ன செய்வது? ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, நாலாவது பீரியட், பலகையை அழிக்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு "கதவை அழிம்மா" என்றாள். முன் பெஞ்சு பிள்ளை டஸ்டரை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தது. வகுப்பே சிரித்தது, இவளும் சிரித்தாள், தூக்கம் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் வருகைப் பதிவேட்டைத் திறந்தால் பெயர்கள் எழுத்து எழுத்தாகத் தெரிகின்றன, ஒன்றுகூட யாருடைய பெயராகவும் ஆகவில்லை. பிறகு அந்த வெள்ளிக்கிழமை. செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தாள், நன்றாகத்தான் சொன்னாள், மூன்று நிமிஷம் இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. யாரோ எழுந்து தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடும் சத்தம் கேட்டது. என்ன பேசினேன் என்று பிற்பாடு முன் பெஞ்சு பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஒண்ணுமில்ல மிஸ்" என்று அது தரையைப் பார்த்தது. அந்த மூன்று நிமிஷத்தில் வாயிலிருந்து வந்தது என்ன என்பது நாற்பது பேருக்குத் தெரியும், அவள் ஒருத்திக்குத் தெரியாது. உளறலாக இருந்தால் தேவலை. அந்த மற்றதாக இருந்திருந்தால்? ஸ்கேன் பார்த்த டாக்டர் இடது காதுக்கு மேலே கொஞ்சம் உள்ளே நெல்லிக்காய் அளவில் கட்டி என்றார். பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம். மெதுவாக வளர்கிற ரகம், எவ்வளவு அதிகம் எடுக்கிறோமோ அவ்வளவு காலத்துக்கு நிம்மதி, தொடக்கூடாத இடம் குறைவாக இருந்தால் அதிகம் எடுக்கலாம். வீட்டுக்காரர் பால்வண்ணன் அதில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து யார் விசாரித்தாலும் "அடியோட எடுத்துருவாங்க" என்கிறார்.

"இது… நாய்." மறுபடியும் கோடு. இந்தக் கோட்டுக்குக் கட்டி காரணமில்லை, அதை இந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? நாயைப் பார்த்ததும் வாய்க்கு வந்தது குக்க. கோழிக்கு வந்தது கோடி. அதை விழுங்கிவிட்டுத் தமிழை எடுத்து வைக்க அரை மூச்சு ஆகிறது, அவ்வளவுதான். என்றைக்கும் ஆகிற அரை மூச்சுதான் இது, இதுவரை யாரும் பேனாவை வைத்துக்கொண்டு எதிரே உட்காரவில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்தவள். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போனபோதுதான் தமிழ் காதில் முழுசாக விழுந்தது. விழுந்த அன்றே பிடித்துப்போயிற்று, அது பொய்யில்லை, அதைப் பொய் என்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போவாள். முதல் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருத்தர், நல்ல மனிதர், ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே, "நமக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கத் தெலுங்கு வீட்டுல இருந்து ஆள் எடுத்திருக்காங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டு, அதன் பிறகு எந்தப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டம் வந்தாலும் தமிழ் என்று எழுதினாள். பால்வண்ணனைக் கட்டிக்கொண்டாள், அவர் திருநெல்வேலித் தமிழ், மின்வாரியத்தில் வேலை, வீடும் தமிழாகிவிட்டது. போன வாரம் ஆஸ்பத்திரிப் படிவத்தைப் பால்வண்ணன்தான் நிரப்பினார். தாய்மொழிக் கட்டத்தில் யோசிக்காமல் தமிழ் என்று போட்டார். அவள் அதைப் பார்த்தாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள், கையெழுத்துப் போட்டாள்.

"தண்ணி குடிங்க டீச்சர். அஞ்சு நிமிஷம் ரெஸ்ட்" என்றாள் ஜெபக்கனி. பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுப் பேச்சுக்குப் பேச்சாகச் சொல்ல ஆரம்பித்தாள். "நாளைக்கு ரொம்ப நேரமெல்லாம் ஆகாது, பயப்படாதீங்க. போன மாசம் செங்கோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு சார் வந்திருந்தார். வீட்டுல மலையாளம், கடையில தமிழ். ரெண்டுக்கும் தனித்தனியா பாக்க வேண்டியதாப் போச்சு. ஒரு இடத்துல தொட்டா மலையாளம் மட்டும் நிக்குது டீச்சர், தமிழ் அது பாட்டுக்கு வருது. ஒரு விரல் அகலம் தள்ளித் தொட்டா தமிழ் நிக்குது. எங்களுக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு. உங்களுக்கு ஒரு மொழிதானே, சீக்கிரம் முடிஞ்சிரும்."

ரெங்கநாயகி தண்ணீரை விழுங்கினாள். ஒரு விரல் அகலம். ஜெபக்கனி மறுபடியும் படங்களை ஓட்ட, வாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது, இது துடைப்பம், இது தராசு, இது ஊசி. உள்ளே அவள் அந்த விரல் அகலத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். தேடாத இடத்தில் தாள் வைக்க மாட்டார்கள். தாள் இல்லாத இடத்தில் கத்தி போகும். அம்மாவின் பேச்சு போனது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் தமிழில் கேட்பார்கள், இவள் தமிழில் பதில் சொல்வாள், பால்வண்ணன் டாக்டருக்குக் கும்பிடு போட்டு எல்லோருக்கும் போன் செய்வார், கார் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போவார்கள், கதவு திறக்கும், கோவிந்து ஓடி வருவான். அங்கேதான் தெரியும். கோவிந்து அவள் தம்பி. நாற்பத்து மூன்று வயது, மீசை நரைத்துவிட்டது, அறிவு மூன்று வயதோடு நின்றுவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்த பிறகு ஒரு தகரப்பெட்டியோடு இவள் வீட்டுக்கு வந்தவன். பிள்ளை இல்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை. அம்மா பேசிய பேச்சில் நூறு, நூற்றைம்பது சொல் அவனுக்குத் தெரியும், அதுவும் அம்மாவின் ராகத்தில் சொன்னால்தான். தமிழ் அவனுக்கு மின்விசிறி ஓடுகிற சத்தம் மாதிரி, ஓடினால் ஓடட்டும் என்று இருப்பான். சோற்றை வைத்துவிட்டு "தினு நாயனா", சாப்பிடுடா ராசா, என்று அவள் சொன்னால் சாப்பிடுவான். பால்வண்ணன் பாவம், அவரும் அதையே சொல்லிப் பார்த்தார், திருநெல்வேலி ராகத்தில் "தினு கோவிந்து" என்றார். கோவிந்து விழுந்து விழுந்து சிரித்தான், சாப்பிடவில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அவள் குனிந்து "வானே நாயனா, வானே" என்பாள், மழைதாண்டா, வேறொன்றுமில்லை. அந்த ஒரு சொல்லுக்கு வெளியே வருவான். மூன்று நாளாக அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் பார்த்துக்கொள்கிறாள். நேற்றுப் போனில் பேச வைத்த பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட்டானாம்.

இது பம்பரம். இது விளக்கு. தலையில் கட்டோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவன் எதிரே தரையில் உட்கார்ந்து வாயையே பார்ப்பான். அவள் கூப்பிடுவாள். வருவது தமிழாக இருக்கும். அவன் சிரித்துக்கொண்டே காத்திருப்பான், விளையாடுகிறாள் என்று நினைப்பான். மறுபடியும் தமிழ். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வாசலுக்குப் போய், அக்கா எப்போது வருவாள் என்று தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அக்கா உள்ளே உட்கார்ந்திருப்பாள். ஐயோ, இதை நினைக்கக் கூடாது. இது… முட்டை. கோடு. சொல்லிவிட வேண்டியதுதான், இந்த நிமிஷமே சொல்லிவிடலாம், வெட்கம் என்ன பெரிய வெட்கம், கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. வெட்கம் மட்டும் என்றால் எப்போதோ சொல்லியிருப்பாள். இரண்டு மொழிக்கும் தாள் ஒட்டினால் தொடக்கூடாத இடம் கூடும், கூடினால் கட்டி உள்ளே நிற்கும், நின்றது வளரும். அவள் செத்துப்போனால் கோவிந்துக்குத் தினு சொல்ல யார் இருக்கிறார்கள்? சொன்னாலும் அவனுக்குத்தான் ஆபத்து, சொல்லாவிட்டாலும் அவனுக்குத்தான். ஆள் இருந்து பேச்சு இல்லாமல் போவதா, பேச்சு இருந்து ஆள் இல்லாமல் போவதா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நகராமல் நிற்கும், பிறகு மறுபடியும் அந்த விரல் அகலத்திலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு தைரியத்துக்காக, ஒவ்வொரு படத்துக்கும் தமிழை வெளியே சொல்லிவிட்டு உள்ளே மற்றதையும் சொல்லிப் பார்த்தாள். இது யானை, ஏனுகு. இது மீன், சேப்ப. இது மரம், செட்டு. எல்லாம் இருக்கிறது, இடத்தில் இருக்கிறது. இது எறும்பு. எறும்பு… உள்ளே ஒன்றும் இல்லை. படம் மாறிவிட்டது, இது மேளம் என்று வாய் சொன்னது, அவள் எறும்பிலேயே நின்றாள். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் கோவிந்துக்குக் கொண்டாட்டம். காலையில் அவளைச் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான், அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிக் குதிப்பான். குதிப்பது தெரிகிறது. டப்பா தெரிகிறது. அவன் வாய் திறந்து மூடுவது தெரிகிறது. சத்தம் வரவில்லை. தினமும் கேட்ட சொல், அம்மா சொன்ன சொல், இரண்டெழுத்தா மூன்றெழுத்தா என்றுகூடத் தெரியவில்லை. கத்தியை யாரும் இன்னும் வைக்கவில்லை. கட்டி அந்தப் பக்கமும் மேய ஆரம்பித்துவிட்டது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜெபக்கனி ஏசியைக் குறைத்தாள்.

கடைசிப் படம் முடிந்தது. ஜெபக்கனி தாளைக் கூட்டிப் பார்த்தாள். "எழுபத்திரண்டுல அம்பத்தெட்டு எடுத்துக்கலாம் டீச்சர், நல்லாவே பண்ணுனீங்க. தயங்குன பதினாலை நாளைக்குக் காட்ட மாட்டோம்." ரெங்கநாயகி அந்தப் பதினான்கையும் எட்டிப் பார்த்தாள். கோழி, நாய், முட்டை, வீடு, மழை, தண்ணீர், உரல் என்று போயிற்று. அம்மாவின் அடுப்படியும் முற்றமுமாக ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நாளைக்குக் காவல் இருக்கப்போவது குடையும் தராசும் கத்தரிக்கோலும். பால்வண்ணன் பிளாஸ்க்கோடு உள்ளே வந்து, "போவமா ரெங்கா?" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு இன்னொண்ணு இருக்கு" என்றாள்.

பால்வண்ணன் முகம் வெளுத்தது. "இன்னொரு கட்டியா?"

"இல்லங்க. இன்னொரு… எங்கம்மா பேசுனது. நானும் தம்பியும் பேசுறது. அது." அதன் பெயர் வரவில்லை. இருபத்தாறு வருஷம் மறைத்து வைத்த பெயர், எடுக்கப் போனால் வைத்த இடத்தில் இல்லை. அவள் கையை ஆட்டி ஆட்டிக் காற்றில் தேடினாள்.

"தெலுங்கு" என்றார் பால்வண்ணன் மெதுவாக.

ஜெபக்கனியின் சிரிப்பு நின்றது. "ஃபார்ம்ல தமிழ்னுதானே சார் போட்டிருக்கு?"

"நான்தாம்மா எழுதினேன். வீட்டுல தமிழ்தான் பேசுவோம். அது அவ தம்பிகிட்ட மட்டும், சாப்பிடு தூங்குன்னு நாலு வார்த்தை. அதுக்காக எதையும் மாத்த வேண்டாம். கட்டிய முழுசா எடுத்துருங்க."

"நான் டாக்டர்கிட்ட பேசிட்டு வந்துர்றேன்" என்று ஜெபக்கனி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பால்வண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்க் மூடியைத் திறந்தார், மூடினார். "ஆள் முக்கியம் ரெங்கா" என்றார். "கோவிந்தை நான் பாத்துக்கிடுவேன்." அவள் "நீங்க சொன்னா அவன் சாப்பிடுறானா?" என்று கேட்டாள். அவர் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் ஜெபக்கனி திரும்பி வந்தபோது நாற்காலியை இழுத்து இவளுக்கு மிகவும் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர் ராத்திரி நேர்ல வந்து பேசுவார் டீச்சர். நாளைக்கு ரெண்டு மொழியையும் பாப்போம், இப்பவே தெலுங்குல ஒரு தடவை படம் ஓட்டி எழுதிக்கிடலாம். ஒண்ணு மட்டும் உங்ககிட்ட கேக்கச் சொன்னார். திறந்து பாத்த பிறகு, ரெண்டுக்கும் இடம் விட்டா கட்டி பாதிக்கு மேல நின்னுரும், ஒண்ணுக்குத்தான் விட முடியும்னு ஆச்சுன்னா, எதுக்கு விடட்டும்? இன்னொண்ணு முழுசாப் போயிரும்னு இல்ல. ஆனா போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

தமிழ் போகலாம். அவள் அதை ஒரு தடவை முழுசாக நினைத்துப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு பி பிரிவு போகும், காலைப் பேப்பர் போகும், தெருவில் போகிறவள் ஏன் டீச்சர் இளைச்சுட்டீங்க என்று கேட்டால் அது புரியாமல் போகும். பிளாஸ்க்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். இந்த மனிதரோடு பேச அவளிடம் வேறு மொழியே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து பேசியது, திட்டியது, சமாதானம் ஆனது, எல்லாமே அதில்தான். எதிரெதிரே உட்கார்ந்து சோற்றைக் காட்டிச் சாப்பிடு என்று சைகை செய்கிற இரண்டு கிழங்களாக ஆகிவிடுவார்கள். அவள் பால்வண்ணன் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளைகளுக்கு வேற டீச்சர் வருவாங்க" என்றாள். "நீங்க கத்துக்கிடுவீங்க. உங்களுக்கு அறிவு இருக்கு, என்மேல பிரியமும் இருக்கு, ஆறு மாசத்துல பேசிருவீங்க. அவனால எதையும் புதுசாக் கத்துக்க முடியாது. தெலுங்குக்கு இடம் விடச் சொல்லுங்க ஜெபா. தமிழ் போனாப் போகட்டும்."

ஒரு சொல்கூடத் தப்பாக வரவில்லை, ஒரு இடத்திலும் நாக்கு இடறவில்லை. இந்த மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசியதே இல்லை.